வீட்டில்தானே இருக்கிறாள் என்று சொன்ன மகனுக்கு

சேகர்,

எல்லாரும் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. இன்றைக்கு அந்த வரியை என்னால் எழுத முடியவில்லை. உன் மனைவி வாய் திறந்து பேசிப் பதினோரு நாள் ஆகிறது. சண்டை ஒன்றும் இல்லை. பேசக்கூடாது என்று வேலூர் டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ போனில் கேட்டபோது, தொண்டை கட்டியிருக்கிறது, ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நான்தான் சொன்னேன். அது பொய். ஜெயந்தி எதிரில் நின்று ஒரு விரலைக் காட்டினாள், நான் ஒரு வாரம் என்றேன். டாக்டர் சொன்னது ஒரு மாதம். நீ கவலைப்படுவாய் என்று அவள் மறைத்தாள், அவள் முகத்தைப் பார்த்து நானும் மறைத்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை ஜெயந்தி படித்துவிட்டாள். முதலில் எழுதிய தாளில் என் பிழைகளை எல்லாம் சிவப்புப் பேனாவால் சுழித்துத் தந்தாள், நான் திருத்திப் படியெடுத்திருக்கிறேன். இரண்டு இடத்தில் "இது வேண்டாம் அத்தை" என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். அந்த இரண்டும் அப்படியே இருக்கின்றன. உன் அப்பாவுக்கும் படித்துக் காட்டிவிட்டேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. வேலை செய்கிற மருமகளையோ மகளையோ வீட்டில் வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

டாக்டர் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெண் டாக்டர். மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்தார். குரல் வருகிற இடத்தில் இரண்டு பக்கமும் காய்த்துப்போயிருக்கிறதாம். ஆரணியிலிருந்து வருகிறோம், வீட்டில் தறி இருக்கிறது என்று தெரிந்ததும், தறி நெய்கிறவர் கையில் காய்ப்பு இருக்குமே, அதுதான் தொண்டைக்குள் வந்திருக்கிறது என்று விளக்கினார். ஒரு மாதம் பேச்சே கூடாது. கிசுகிசுவென்றும் பேசக்கூடாது, அது இன்னும் கெடுதல். மாதம் கழித்துப் பார்த்து, கரைந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம். கரையாவிட்டால் ஆபரேஷன். அதற்குப் பிறகு பழைய குரல் அப்படியே வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். உன் மனைவி ஒரு கணக்கு டீச்சர். கையும் காலும் நன்றாக இருந்து குரல் போய்விட்டால் அவள் என்ன செய்வாள் என்று நினைத்துப் பார்த்தாயா? நான் பதினோரு நாளாக அதைத் தவிர வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சென்னையிலிருந்து போனில் பேசியது எனக்கு ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "ஒரு வாரம் ரெஸ்ட் எடுக்கட்டும்மா. அடுத்த திங்கக்கிழமை சேந்துக்கட்டும், இல்லனா அவ பசங்கள வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. தை மாசம் இங்க வந்துட்டா பகல்லயும் ஒரு ஷிப்ட் எடுத்துக்கலாம், ஆஸ்திரேலியா பசங்களுக்கு. வீட்லதானே இருக்கா." நான் போனை வைத்துவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும்தான் வைத்தேன். உன்மேல் வந்த கோபத்தில் வைத்தது கொஞ்சம்தான். அந்த வார்த்தை உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

நீ ஒன்பதாவது படித்தபோது எனக்கு மஞ்சள்காமாலை வந்ததே. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கமண்டல நாகநதிக் கரையில் நீதான் கீழாநெல்லி பறித்து வந்தாய். கண், நகம் எல்லாம் மஞ்சள். சுவரைப் பிடிக்காமல் எழுந்து நிற்க முடியாது. அப்போது களம்பூரிலிருந்து என் அண்ணன் பார்க்க வந்தான். பத்து நாள் அழைத்துப்போய் வைத்துக்கொள்கிறேன் என்று என் மாமியாரிடம், உன் ஆயாவிடம், கேட்டான். உன் ஆயா என்ன சொன்னாள் தெரியுமா? "இங்க இன்னா அவ வெளியவா போயி வேல செய்யறா? வீட்லதானே இருக்கா. படுத்துகினே தார் சுத்தட்டும்." என் அண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். நான் படுத்துக்கொண்டே தார் சுற்றினேன். உன் அப்பா தறியில் உட்கார்ந்தால் பாவுக்குக் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போட நூல் சுற்றிய தார் வந்துகொண்டே இருக்க வேண்டும், அதை யார் சுற்றினார்கள் என்று புடவை வாங்குகிறவர்கள் கேட்கமாட்டார்கள். உன் ஆயா செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. அவளுக்குத் திதி கொடுக்கிற நாளில் கூட அந்த வார்த்தைதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை.

ஆனால் அந்த வார்த்தையை அவளிடமிருந்து வாங்கி உனக்குக் கொடுத்தவள் நான்தான். ஜெயந்தி ஓரத்தில் வேண்டாம் என்று எழுதிய முதல் இடம் இதுதான்.

ஜெயந்தி ஏழு வருஷம் மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள். அப்போதும் பாதிப் பள்ளிக்கூடம் வீட்டுக்குத்தான் வரும், பரீட்சைத் தாள் கட்டு, ரெக்கார்டு, பாடக் குறிப்பு எல்லாம். ஆனாலும் காலையில் புடவைக்குப் பின் குத்திக்கொண்டு, சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு அவள் தெருவில் இறங்கிப் போவதை நாலு பேர் பார்ப்பார்கள். அது வேலை என்று எனக்குப் புரிந்தது. சாயங்காலம் வந்ததும் ஒரு டம்ளர் காபி கொடுப்பேன். அபி பிறந்து, இரண்டு வருஷம் கழித்து அமெரிக்காப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைத்தது. நீ மெனக்கெட்டுக் கம்ப்யூட்டர் வாங்கி, ஒயர் இழுத்து, நூல் வைத்திருக்கிற சின்ன அறையில் மேஜை போட்டுக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போனாய். நல்ல காரியம்தான் செய்தாய், இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அங்கே சாயங்காலம், இங்கே விடியற்காலை. வருஷத்தில் பாதி நாலரைக்கு, அந்த ஊரில் கடிகாரத்தை மாற்றி வைத்தார்கள் என்றால் ஐந்தரைக்கு. ஒன்பது மணிவரை நாலு பிள்ளைகள், ஒருவர் பின்னால் ஒருவர். ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில் ஐந்து நிமிஷம். முகம் தெரியாது, குரல் மட்டும்தான். ஒன்பது மணிக்கு அறை வாசலில் தொங்குகிற திரையை விலக்கிக்கொண்டு அவள் வெளியே வரும்போது நான் காபி கொடுக்கவில்லை. ராட்டையை அவள் பக்கம் நகர்த்தினேன். "வீட்லதானே இருக்கே, நாலு தார் சுத்திக் குடு" என்றேன். அதே வார்த்தை. சொன்ன பிறகு எனக்கே காதில் விழுந்தது. ஆனாலும் மறுநாளும் சொன்னேன்.

அவள் பேசுவதை எல்லாம் கம்பெனி பதிவு செய்து வைத்துக்கொள்ளும். பெங்களூரில் யாரோ உட்கார்ந்து அதைக் கேட்டு மார்க் போடுவார்கள். பாடத்துக்கு இவ்வளவு, நேரத்துக்கு இவ்வளவு, குரலில் சிரிப்பு இருந்தால் இவ்வளவு. ஆமாம், குரலில் சிரிப்பு இருக்க வேண்டுமாம். முகம் சிரித்தால்தான் குரல் சிரிக்கும் என்று அவளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், மேஜையில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருந்தாள். பின்னால் சத்தம் கேட்டால் மார்க் குறைப்பார்கள். முதல் மாதமே, ஏதோ மெஷின் ஓடுகிறது என்று குறைத்துவிட்டார்கள். அது உன் அப்பாவின் தறி. அவர் அதைக் கேட்டதும், "நான் ஒம்பதுக்கு மேல உக்காந்துக்கறேன். ஜல்தியா எழுந்து இன்னா பண்ணப் போறேன்" என்று சொல்லிவிட்டார். நான்தான் சும்மா இருக்கவில்லை. மூன்று மணி நேரம் தறி நிற்கிறது, மூன்று மணி நேரம் தறி நிற்கிறது என்று அவள் காதில் விழுகிற மாதிரி சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்தபோது இந்த வீட்டில் ஒரு மாதம் காலையில் தறி நின்றதே, அது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ கேட்கக்கூட இல்லை. தறிச் சத்தத்தில் நீ காதைப் பொத்திக்கொண்டு படிப்பதைப் பார்த்தேன், உன் அப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். "ஒரு மாசம் நின்னா இன்னா, படிக்கட்டும்" என்றார். தெருவில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன், என் பையன் படிக்கிறான், எங்கள் வீட்டில் தறி ஓடாது என்று. பையனுக்கு நிறுத்தினால் பெருமை, மருமகளுக்கு நிறுத்தினால் நஷ்டம். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானாகத்தான் இரண்டையும் செய்தேன். தறியை நிறுத்திப் படித்தவன் நீ. ஆகவே வீட்டில் செய்கிற வேலைக்கு என்ன வேண்டும் என்று உனக்குத் தெரியாது என்று சொல்லாதே.

அபியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதைத்தான் எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவள் அழுதாலும் பதிவில் விழும், மார்க் போகும். அதனால் அம்மா வகுப்பில் இருக்கும்போது சத்தம் போடக்கூடாது என்று குழந்தைக்கு நான்தான் பழக்கினேன். இரண்டு தரம் வாயைப் பொத்தினேன். போன புரட்டாசியில் ஒரு நாள் காலை, பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் தடுக்கி விழுந்து முட்டியில் தோல் பெயர்ந்துவிட்டது. என்னிடம் நடந்து வந்தாள். வாய் திறந்திருக்கிறது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, சத்தம் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. தூக்கி வைத்துக்கொண்டு, அழுடி, அழு என்றேன். என் காதருகே வாயை வைத்து, "அம்மாக்கு கிளாஸு ஆயா" என்றாள். நாலு வயசுக் குழந்தை சத்தம் இல்லாமல் அழக் கற்றுக்கொண்டிருக்கிறது. இந்த வீட்டில் அதுவும் ஒரு பாடமாக நடந்திருக்கிறது.

இப்போது என்னுடைய பெரிய தப்பைச் சொல்கிறேன். போன ஆடி அமாவாசை. நம் ஊரில் அமாவாசைக்குத் தறி ஓடாது என்று உனக்குத் தெரியும். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் நெய்கிறவனுக்கும் தார் சுற்றுகிறவளுக்கும் லீவு. அன்று தலைக்குக் குளித்துவிட்டுத்தான் யாரும் எதையும் தொட வேண்டும் என்று ஜெயந்தியை நாலு மணிக்கே எழுப்பிக் குளிக்க அனுப்பினேன். வகுப்புக்குக் கால் மணி முன்னாலேயே கம்ப்யூட்டரில் போய்ப் பெயர் பதிய வேண்டும், பதியாவிட்டால் கம்பெனியிலிருந்து போன் வரும். அன்று வந்தது. அவள் பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன். ஒரு பெண் குரல், ஜெயந்தி மேடம் ஏன் இன்னும் வரவில்லை என்று தமிழில் மரியாதையாகக் கேட்டது. நான் சொன்னேன்: "இன்னிக்கு அமாவாசைங்க. எங்க ஊர்ல தறிக்கே லீவு. இன்னிக்கு வேல இல்லீங்க." அந்தப் பெண் சரிங்க மேடம் என்று வைத்துவிட்டது. எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பாவம், ஒரு நாளாவது அவளுக்கு லீவு வாங்கிக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டு வடைக்குப் பருப்பு ஊறவைக்கப் போய்விட்டேன். அவளிடம் சொல்ல வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் போய் உட்கார்ந்தபோது நாலு பிள்ளைகளையும் வேறு டீச்சருக்கு மாற்றியிருந்தார்கள். வகுப்புக்குச் சொல்லாமல் வராத டீச்சர் என்று அவள் பெயருக்கு எதிரில் எழுதிவிட்டார்கள். வெளியே வந்து என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அத்தை, அவங்களுக்கு அமாவாசை கிடையாது" என்றாள், அவ்வளவுதான். பிள்ளைகளைத் திரும்ப வாங்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் எடுக்க வேண்டும் என்றார்கள். சரி என்றாள். ஆடியிலிருந்து ஐப்பசி வரை ஒரு நாள் விடாமல் பேசினாள். ஒரு நாள் லீவு வாங்கிக் கொடுக்கப் போய், அவளுக்கு இருந்த ஒரு நாளையும் பிடுங்கிவிட்டேன். உனக்கு இது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வருமானம் கூடியிருக்கிறது என்று நீ சந்தோஷப்பட்டாய், அவளும் காரணத்தைச் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று இருந்திருக்கிறாள். வேண்டாம் அத்தை என்று அவள் எழுதிய இரண்டாவது இடம் இது.

இதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை, கேள். ஆவணியில் அவள் பேச்சு குறைந்துபோனது. வகுப்பு முடிந்தால் வாயைத் திறக்கமாட்டாள், தலையை ஆட்டுவாள், கையைக் காட்டுவாள். விநாயகர் சதுர்த்தி அன்று என் தங்கை வந்திருந்தபோது, கொழுக்கட்டைக்கு உப்பு சரியாக இருக்கிறதா பார் என்று கொடுத்தேன். தின்றுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள். என் தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள். இங்கிலீஷ்காரிக்கு நம்மோடு பேச வாய் வலிக்கிறது என்று எனக்குப் பட்டுவிட்டது. அன்றிலிருந்து நாற்பத்து மூன்று நாள் நானும் அவளோடு பேசவில்லை. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, எண்ணி வைத்திருந்தேன். மறுநாள் காலைப் பிள்ளைகளுக்கு வேண்டுமே என்று அவள் குரலைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு வேலூரில்தான் தெரிந்தது. டாக்டர் கேட்டார், தண்ணீர் நிறையக் குடிக்கிறீர்களா என்று. இல்லை என்று தலையை ஆட்டினாள். ஏன் என்று கேட்டதற்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். நம் வீட்டில் கக்கூஸ் பின்பக்கம் கடைசியில் இருக்கிறது, ஐந்து நிமிஷத்தில் போய்விட்டு வர முடியாது, அதனால் விடியற்காலையிலிருந்து ஒன்பது மணிவரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இரண்டு வருஷமாக. நான் அந்த வீட்டிலேயே இருந்தேன், சேகர். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

குரல் போன அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் யாரும் சொல்லவில்லை. மூன்றாவது பிள்ளையின் வகுப்பு. திரைக்குப் பின்னால் சத்தமே வரவில்லை. கரண்ட் போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் வெளிச்சம் இருந்தது. ஜெயந்தி காதில் மாட்டுகிற மைக்கைப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். உதடு அசைகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, காற்றுதான் வருகிறது. முகம் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குழந்தை, மிஸ், மிஸ் என்று கத்துவது அவள் காதிலிருந்து கசிந்து எனக்கும் லேசாகக் கேட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். பயந்துபோன குழந்தை முகம் அது. நாற்பத்து மூன்று நாள் கோபத்தையும் அங்கேயே விட்டேன். நான் எதையும் அவ்வளவு சீக்கிரம் விடுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

இப்போது நானும் அவளும் அபியின் சிலேட்டில்தான் பேசிக்கொள்கிறோம். அவள் எழுதுவாள், நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மெதுவாகத்தான் படிக்க வரும், அவள் அவசரப்படமாட்டாள், டீச்சர் இல்லையா. பகல் ஷிப்ட் எடுக்கச் சொல்லி நீ அவளிடம் முன்பே கேட்டிருக்கிறாய் என்பதையும் சிலேட்டில்தான் தெரிந்துகொண்டேன். அவள் என்ன எழுதினாள் என்றால், "முடியாதுன்னு சொல்லத் தெரியல அத்தை. வீட்டில்தானே இருக்கேன்." அவளே எழுதிவிட்டாள். நீ சொல்லி, நான் சொல்லி, கடைசியில் அவள் கையே அந்த வார்த்தையை எழுதியது. நான் சிலேட்டை வாங்கித் துடைத்தேன்.

திங்கட்கிழமைவரை லீவு என்று ஜெயந்தி முன்பே கம்ப்யூட்டரில் எழுதி அனுப்பியிருந்தாள். நேற்றுக் கம்பெனிக்குப் போன் செய்தோம். நான் செய்தேன் என்று சொல்லவில்லை, செய்தோம். அமாவாசை அன்று போல இந்த முறை நானாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள், நான் படித்துச் சொன்னேன். அதே பெண்தான் எடுத்தது. என் குரலைக் கேட்டதும், "ஆடி மாசம் அமாவாசைன்னு சொன்னீங்களே, அந்த அம்மாங்களா?" என்றது. அதே ஆள்தான் என்றேன். ஜெயந்தி ஒரு மாதம் வகுப்பு எடுக்க முடியாது, டாக்டர் சீட்டு அனுப்புகிறோம் என்று படித்தேன். பிள்ளைகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், திரும்ப வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னது. நான் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு ஜெயந்தியிடம் சொன்னேன். எழுதினாள், துடைத்தாள், மறுபடியும் எழுதினாள். எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடைசியில் "பரவாயில்லை" என்று ஒரே ஒரு சொல் எழுதினாள். அதைப் படித்தேன். அந்தப் பெண் உடனே வைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நானும் முன்ன டீச்சர்தாங்க. எனக்கும் தொண்டதான் போச்சு. அவங்கள வெந்நீர் குடிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தது.

ஆகவே திங்கட்கிழமை அவள் சேரப்போவதில்லை. இதில் நீ கோபப்படுவாய். சென்னையில் வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாய், அவள் சம்பளத்தையும் நம்பித்தான் கொடுத்தாய் என்று எனக்குத் தெரியும். நீ கெட்டவன் இல்லை, நெருக்கடியில் இருக்கிறாய், அதுவும் எனக்கு பேஜாராகத்தான் இருக்கிறது. ஆனால் டாக்டர் மறுபடியும் பார்த்து, சரி என்று சொல்கிறவரை அவளையும் குழந்தையையும் நான் பஸ் ஏற்றமாட்டேன். தையில் இல்லாவிட்டால் மாசியில் போகட்டும். அங்கே போன பிறகு அவள் மறுபடியும் அந்த வேலை செய்வாளா, பள்ளிக்கூடத்துக்குப் போவாளா, ஒன்றும் செய்யாமல் இருப்பாளா என்பதை அவள் சொல்லட்டும். செய்தால், திரை போதாது, உள்ளே தாழ்ப்பாள் போடுகிற கதவு ஒன்று வேண்டும். கக்கூஸ் பக்கத்தில் இருக்க வேண்டும், சிரிக்காதே. வாரத்தில் ஒரு நாள் அந்தக் கம்ப்யூட்டர்மேல் துணி போட்டு மூடி வைக்க வேண்டும். அவள் உள்ளே இருக்கும்போது குழந்தையை நீ வெளியே தூக்கிக்கொண்டு போ, வாயைப் பொத்தாதே. பகல் ஷிப்ட் என்ற பேச்சை நீயாக இன்னொரு முறை எடுத்தால், உன் ஆயா பெயரோடு உன் பெயரையும் சேர்த்து வைத்துக்கொள்வேன். என் ஞாபகம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும்.

நான் பயந்துபோயிருக்கிறேன், சேகர். பகலெல்லாம் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு இருமல் வந்தால் எழுந்து போய் வெந்நீர் வைக்கிறேன். மாதம் முடிந்து அவள் வாயைத் திறக்கும்போது காற்றுதான் வரும் என்றால் நான் அவள் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்? சரியாகிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், உன் அப்பாவும் சொல்கிறார். எனக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வழக்கம்போல் நீ போன் செய்வாய். நான்தான் எடுப்பேன். என்னோடு போட வேண்டிய சண்டை இருந்தால் முதலில் போட்டு முடித்துவிடு. பிறகு ரிசீவரை அவள் காதில் வைப்பேன். எப்படி இருக்கே, சாப்பிட்டியா, குழந்தை என்ன பண்றா என்று எதையும் கேட்காதே. யார் கேட்டாலும் பதில் சொல்லிப் பழகியவள், நீ கேட்டால் தன்னை மறந்து வாயைத் திறந்துவிடுவாள். கேள்வியே இல்லாமல் அவளிடம் பேச உன்னிடம் என்ன இருக்கிறது என்று இன்றிலிருந்து யோசித்து வை. அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அம்மா